காதுக்குள் ஒரு கட்டியக்காரன்

திருவண்ணாமலையில் ஒருவர் தனியாகச் சிரித்துக்கொண்டு போவதைக் கண்டால், அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வேறு ஊரில் அப்படிச் சிரிக்கிறவரைப் பற்றி அக்கம்பக்கத்தார் வைத்தியரிடம் யோசனை கேட்பார்கள். அண்ணாமலையிலோ, நாலு பேர் கைகூப்பிக்கொண்டு அவர் பின்னாலேயே நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த க்ஷேத்திரத்தின் மகிமை அப்படி!

சென்ற மாசி மாதப் பௌர்ணமியன்று நாமும் கிரிவலம் போயிருந்தோம். மலையைச் சுற்றி வர 14 கிலோமீட்டர். நம்முடைய நடைக்கு நாலரை மணி நேரம் பிடிக்கிறது. இந்த நாலரை மணி நேரமும் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே நடந்தோம். சிலர் நாம ஜபம் செய்கிறார்கள். வேறு சிலர் மௌனமாக நடக்கிறார்கள். பாக்கிப் பேர் எல்லாரும் பேசுகிறார்கள். நிலம் விற்றது, பெண்ணுக்கு வரன் பார்த்தது, சம்பந்தியின் மனஸ்தாபம், சர்க்கரை வியாதி - இந்திர லிங்கத்தில் தொடங்கிய பேச்சு ஈசான்ய லிங்கம் வந்த பிறகும் முடிவதில்லை. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. அருணாசலேசுவரர் எத்தனையோ காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் சம்பாஷணை அது. அவருக்கே அலுக்காதபோது நமக்கு ஏன் அலுக்க வேண்டும்?

நிருதி லிங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், நமக்கு முன்னால் ஒரு வாலிபர் தன்னந்தனியே நடந்து போவதைப் பார்த்தோம். திடீரென்று அவருடைய தோள்கள் குலுங்கின. பிறகு வாய்விட்டே சிரித்தார். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, மறுபடியும் சிரித்தார். நம்மோடு வந்த நண்பருக்குச் சித்தர்கள் விஷயத்தில் அபார நம்பிக்கை. "பார்த்தீர்களா? நான் சொன்னேன் அல்லவா?" என்று நம் கையைப் பிடித்து அழுத்தினார். அவரிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு நாம் இரண்டு எட்டு வேகமாக வைத்து வாலிபரின் அருகே சென்றோம். அவர் காதுகள் இரண்டிலும் வெள்ளை வெளேரென்று, முற்றின அவரை விதையைப் போல், ஏதோ சொருகியிருந்தது.

சித்தர் சமாசாரம் அத்துடன் தீர்ந்தது. வாலிபர் பெங்களூரில் உத்தியோகம் பார்ப்பவர். பௌர்ணமிதோறும் பஸ் ஏறி வந்துவிடுகிறவர். "என்ன கேட்டுக்கொண்டு வருகிறீர்கள், தம்பி?" என்று விசாரித்தோம். "பாட்காஸ்ட் சார். மூன்று இங்கிலீஷ்காரர்கள் அரட்டை அடிப்பார்கள். பெயர் 'த்ரீ பீன் சாலட்'" என்றார்.

அதாவது, தமிழில் சொன்னால், மூன்று பயறுச் சுண்டல்! காதில் அவரை விதை, அதற்குள்ளே பயறுச் சுண்டல். பாதையோரத்தில் பட்டாணிச் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவரும் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பாட்காஸ்ட் என்றால் என்னவென்று நம் நேயர்களில் இளையவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. ரேடியோவில் அவர்கள் வைத்த நேரத்தில் நாம் கேட்க வேண்டும். இதிலோ, பேசினவர்கள் பேசி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் நமக்குச் சௌகரியப்பட்டபோது கையிலுள்ள டெலிபோனில் வரவழைத்துக் கேட்டுக்கொள்ளலாம். 'பாட்காஸ்ட்' என்ற சொல்லே 2004-ஆம் ஆண்டில் ஒரு லண்டன் பத்திரிகைக் கட்டுரையில்தான் பிறந்தது. மறு வருஷமே ரிக்கி ஜெர்வெய்ஸ் என்னும் விகட நடிகர் இரண்டு சகாக்களைச் சேர்த்துக்கொண்டு சும்மா பேசி, அந்தப் பேச்சை உலகமெங்கும் லக்ஷக்கணக்கான பேர் கேட்கும்படி செய்துவிட்டார். அன்றிலிருந்து இங்கிலாந்தில் விகடர்கள் மூவர் மூவராகவும் இருவர் இருவராகவும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இந்தச் சுண்டல்காரர்கள் மூவரும் 2021-இல் ஆரம்பித்தார்கள். ஹென்றி பேக்கர் கேலிச் சித்திரம் போடுகிறவர். மைக் வோஸ்னியாக் வைத்தியம் படித்துத் தேறியவர். நோயாளிகளைச் சிரிக்க வைப்பதைக் காட்டிலும் சுகமாயிருப்பவர்களைச் சிரிக்க வைப்பது உத்தமம் என்று தோன்றியதோ என்னவோ, மேடைக்கு வந்துவிட்டார். மூன்றாமவரான பெஞ்சமின் பார்ட்ரிட்ஜ், மாட்டிறைச்சி வியாபாரிகளுக்கும் பால் பண்ணைக்காரர்களுக்கும் செய்தி சொல்வது போலவே முகத்தை வைத்துக்கொண்டு, 2015 முதல் ஒரு பரிகாச பாட்காஸ்ட் நடத்தி வந்தவர். வாராவாரம் இவர்கள் கூடுகிறார்கள். என்ன பேசுவது என்பதை இவர்கள் தீர்மானிப்பதில்லை. நேயர்கள் விஷயங்களை எழுதி அனுப்புகிறார்கள். ஒரு கற்பனை யந்திரம் அவற்றில் ஒன்றை வெளியே தள்ளுகிறது. மிருகமோ, பட்டணமோ, வீட்டுச் சாமானோ, எது வந்தாலும் அதைப் பற்றிச் சுமார் ஒரு மணி நேரம் பேச வேண்டும்.

அதைப் பற்றியே பேசுகிறார்களா என்றால், அதுதான் இல்லை! வாலிபர் ஒரு காதுக் கருவியைக் கழற்றி நமக்குக் கொடுத்தார். நடந்துகொண்டே கேட்டோம். பாதி விளங்கவில்லை. அங்கே உள்ள கடைகளின் பெயர், ரயில்களின் பெயர், நமக்குத் தெரியாத பிஸ்கோத்துகளின் பெயர். ஆனால் மீதிப் பாதி விளங்காமல் இருக்க முடியாது. ஒருவர் மிகவும் சிரத்தையாக ஏதோ சொல்லத் தொடங்குகிறார். இரண்டாமவர் அவருடைய உச்சரிப்பைப் பிடித்துக்கொள்கிறார். மூன்றாமவர் அந்த உச்சரிப்புக்கு ஒரு மனிதனையே சிருஷ்டி செய்து, அவனுக்கு மனைவி மக்கள் தொழில் எல்லாம் கொடுத்துவிடுகிறார். முதலாமவர் தாம் என்ன சொல்ல வந்தோம் என்பதை மறந்து சிரிக்கிறார். திண்ணையில் நம் தாத்தாக்கள் செய்த காரியத்தை இவர்கள் ஒலிப்பதிவு செய்து விற்கிறார்கள், அவ்வளவுதான். 'அவ்வளவுதானா?' என்று கேட்டால், அது லேசான காரியமும் அல்ல. ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர் அதைக் கீழே விழாமல் பிடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கேட்கிறவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

வாலிபர் இன்னொன்றும் சொன்னார். மாதச் சந்தா கட்டுகிறவர்களின் பெயர்களை இவர்கள் வாசிப்பார்களாம். வெறுமனே வாசித்தால் ரஸம் என்ன? சந்தாதாரர் அத்தனை பேரும் முந்தின இரவு ஒரு கற்பனை விடுதியில் கூடியதாகவும், அங்கே இன்னார் இன்ன அட்டகாசம் செய்ததாகவும் வோஸ்னியாக் வெகு கம்பீரமாக அறிக்கை படிப்பாராம். பணம் கட்டினவருக்குக் கிடைக்கும் கைம்மாறு, ஊரறியக் கேலிக்கு ஆளாவது!

இதைக் கேட்டதும் பக்கத்தில் "ஹூம்" என்று ஒரு குரல் எழுந்தது. சற்று நேரமாக ஒரு பெரியவர் நம்மோடு அடி ஒத்து நடந்து வந்துகொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் துண்டு, காலில் செருப்பில்லை. செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம். இளமையில் ஒரு கூத்து ஜமாவில் தாளம் போட்டவராம்.

"ஏன் தம்பி, அதுல கட்டியக்காரன் யாரு?" என்று கேட்டார்.

வாலிபர் சிறிது யோசித்தார். "மூணு பேருமே கட்டியக்காரங்கதான் தாத்தா."

"அப்ப ராஜா யாரு?"

வாலிபருக்குப் பதில் தெரியவில்லை. நமக்கும் தெரியவில்லை. குபேர லிங்கம் வரையில் அந்தக் கேள்வி நம்மோடு கூடவே நடந்து வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. ஆகையினால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

திருவண்ணாமலை ஜில்லாவுக்கு அண்ணாமலையாரால் கிடைத்த பெருமை உலகம் அறிந்தது. தெருக்கூத்தினால் கிடைத்த பெருமையை உலகம் அறிந்திருக்கிறது. நாம்தான் சரியாக அறியவில்லை. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர் என்று எந்தத் திக்கில் போனாலும் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் கோடைக் காலத்தில் பாரதம் வைக்கிறார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று நாளுக்கு ஒன்றாக நடந்து, கடைசி இரவு பதினெட்டாம் போர். விடிந்ததும் களத்தில் மண்ணால் செய்து படுக்க வைத்திருக்கும் துரியோதனனை வீழ்த்தும் படுகளம். மாலையில் தீமிதி. இரவு 10 மணிக்கு மேல் தொடங்கும் கூத்து பொழுது விடியும்வரை நடக்கும். 'கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்' என்று பழமொழி சொல்வது சும்மா அல்ல.

இந்தக் கூத்தில் முதலில் வருகிறவனும், கடைசிவரை நிற்கிறவனும் கட்டியக்காரன்தான். கட்டியம் என்றால் ராஜாவின் விருதுகளைச் சொல்லி வரவை அறிவிப்பது. ஆகவே உத்தியோகப்படி இவன் ராஜாவைப் புகழக் கடமைப்பட்டவன். செய்கிற காரியம் நேர்மாறு. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பின்னால் துரியோதனன். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், எல்லாம் மரத்தில் செய்து கண்ணாடி பதித்தவை. முகத்தில் சிவப்பு அரிதாரம். முகவீணை வீறிடுகிறது, மிருதங்கமும் டோலக்கும் அதிர்கின்றன. திரை இன்னும் விலகவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கட்டியக்காரன், "உள்ளே யாருங்க?" என்று, சந்தையில் மாட்டின் சொந்தக்காரனை விசாரிப்பது போல் விசாரிப்பான். "ஐம்பத்தாறு தேசத்துக்கும் அரசன்" என்று உள்ளேயிருந்து கர்ஜனை வரும். "ஐம்பத்தாறு தேசத்துக்கும் பட்டா யார் பேரிலே இருக்கிறது?" என்று கேட்பான் இவன்.

பாட்டு எல்லாம் புஸ்தகத்தில் இருக்கிறது. பெரிய எழுத்தில் அச்சிட்டுத் திருவிழாக் கடைகளில் விற்றிருக்கிறார்கள். இந்தப் பட்டாக் கேள்வி எந்தப் புஸ்தகத்திலும் இராது. அன்று மாலை ஊருக்குள் வந்ததும் கட்டியக்காரன் டீக்கடையில் உட்கார்ந்து, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, யார் யாருக்கு வரப்புத் தகராறு என்பதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுவிடுகிறான். இரவு அது துவாபர யுகத்துச் சமாசாரமாக வெளியே வருகிறது. திடீரென்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "இன்னார் மகன் இன்னார் கர்ண மகாராஜனுக்கு அன்பளிப்பு நூறு ரூபாய்" என்று அறிவிப்பான். அறிவித்த கையோடு, அந்த நூறு ரூபாயை அவர் வீட்டில் எப்படித் தேடப் போகிறார்கள் என்பதையும் சொல்லுவான். வோஸ்னியாக்கின் அறிக்கையைக் கேட்டுப் பெரியவர் "ஹூம்" என்றது இதை நினைத்துத்தான்.

இவ்வளவு தூரம் இரண்டும் ஒன்றுதான். எடுத்துக் கொடுப்பதும் பிடித்துக் கொள்வதும், கதையை விட்டு விலகித் திரும்பி வருவதும், கேட்கிறவனையும் பேச்சுக்குள் இழுத்துப் போடுவதும் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. வித்தியாசம் அந்த ராஜாவில் இருக்கிறது.

மூன்று ஆங்கில நண்பர்களுக்கு எதிரே யாரும் இல்லை. ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்கிறார்கள். யாருக்கும் காயம் இல்லை. பெரிய மனிதர்களையோ மந்திரிகளையோ அவர்கள் அதிகமாக இழுப்பதில்லை. அதனாலேயே அந்தப் பேச்சுக்கு ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. வேலை முடிந்து பெங்களூரில் ஒற்றை அறைக்குத் திரும்புகிற பிள்ளைக்கு, யாரோ மூன்று சிநேகிதர்கள் கூட இருப்பது போன்ற ஆறுதல். அதைப் பரிகசிக்க நமக்கு மனம் வரவில்லை. ஆங்கிலேயரிலும் ராஜாவை எதிரே நிறுத்திக்கொண்டு பேசுகிறவர்கள் உண்டு. 2007-இல் ஜான் ஆலிவரும் ஆண்டி ஸால்ட்ஸ்மனும் ஆரம்பித்த 'பியூகிள்' அந்த ஜாதி. வார சமாசாரங்களை எடுத்து வைத்துக்கொண்டு தங்கள் தேசத்து மந்திரிகளையும் பிறர் தேசத்து ஜனாதிபதிகளையும் வாங்கு வாங்கென்று வாங்கியவர்கள். ஆனால் அங்கேயும் ராஜா அறைக்குள் இல்லை. அவன் எங்கோ இருக்கிறான்.

கட்டியக்காரனுக்கோ ராஜா கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கிறான். கையில் கதாயுதம் வேறு! ராஜா கோபித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினால், இவன் நடுங்கிப் பின்வாங்க வேண்டும். பின்வாங்கிக்கொண்டே இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த இன்னொன்றுக்காகத்தான் ஜனங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தெருப் புழுதியில் உட்கார்ந்திருக்கிறார்கள். துரியோதனன் வேஷம் போட்டவர் பட்டாக் கேள்விக்குச் சிரித்துவிட்டால் ராஜா போய்விடுவார். சிரிக்காமல் பதில் சொன்னால் கேள்வி இன்னும் உயரும். ஆகவே நல்ல கட்டியக்காரனுக்கு நல்ல ராஜா வேண்டும். நாம் பார்த்த கூத்துகளில் ராஜா உதட்டைக் கடித்துக்கொண்டு சமாளித்த நிமிஷங்களே நமக்கு அதிகமாய் நினைவிருக்கின்றன.

மேடையில் பேசுகிறவனைக் கண்டு அரசாங்கங்களுக்குப் பயம் உண்டு என்பதற்கு நம்முடைய தேசத்திலேயே சாக்ஷி இருக்கிறது. ஆங்கில அரசாங்கத்தார் 1876-இல் நாடகங்களை அடக்குவதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். தேசியப் பாட்டுப் பாடிய குற்றத்திற்காக விசுவநாததாஸ் மேடையிலிருந்து சிறைக்கும் சிறையிலிருந்து மேடைக்குமாகப் போய்க்கொண்டிருந்தார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார். பின்னாளில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் மதுரத்தோடு பேசிப் பேசியே ஜனங்களைச் சிரிக்கவும் யோசிக்கவும் வைத்தார். 1957-இல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பேச்சு மறையவில்லை. ரேடியோவில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் காலை நேரத்தில் ஒரு தகவல் சொல்லி நம்மைப் புன்சிரிப்போடு வேலைக்கு அனுப்பி வைத்தார். ஆனால் அவர் ஒற்றையாள். எடுத்துக் கொடுப்பார் இல்லை. தாமே எடுத்துத் தாமே பிடித்துக்கொண்டார். அதுவும் ஒரு சாமர்த்தியம்தான்.

கட்டியக்காரன் விஷயத்தில் எல்லாமே மெச்சத்தக்கது என்று நாம் சொல்வதாக நேயர்கள் எண்ண வேண்டாம். நடு இரவுக்கு மேல் சில கட்டியக்காரர்கள் பேசும் பேச்சு காது கொடுத்துக் கேட்கத் தகுந்ததல்ல. ராஜாவிடம் பேசத் தைரியம் இல்லாத அன்று, பெண்டாட்டிகளைப் பற்றியும், நொண்டி முடவரைப் பற்றியும், தன்னிலும் எளியவரைப் பற்றியும் பேசிக் கைதட்டல் வாங்கப் பார்ப்பார்கள். கைதட்டலும் கிடைத்துவிடுகிறது என்பதுதான் வருத்தம். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் அந்த மூன்று ஆங்கிலேயரிடம் நம்மவர்கள் கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. அவர்கள் அநேகமாகத் தங்களையே முட்டாளாக்கிக்கொண்டு சிரிக்க வைக்கிறார்கள்.

ஆனால் படித்த குடும்பத்தார் கூத்தை விட்டு விலகியது இந்த ஆபாசத்தினால்தான் என்றும் நாம் நம்பவில்லை. ஆபாசத்திற்குப் பயந்தவர்கள் சினிமாவுக்கும் போகாமல் இருந்திருக்க வேண்டுமே! 'கூத்தாடி' என்ற சொல்லை வசவாக வைத்துக்கொண்டது யார்? பாமரர்களுடைய ஆட்டம், நமக்கு என்ன அங்கே வேலை என்ற எண்ணந்தான் காரணம். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த எண்ணம் இல்லை. பாரிஸ் நகரத்து நாடக ஆசிரியை அரியான் ம்னுஷ்கின் 2016-இல் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்தைப் போட்டபோது, அதில் பாரதக் கூத்துக் காட்சிகளை வைத்தார். அவருடைய நடிகர்களுக்குக் கூத்து சொல்லிக் கொடுத்தவர் செய்யாற்றுக்கு அருகே உள்ள புரிசை கிராமத்தைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தன். கூத்துக்காகவே வாழ்ந்து 2003-இல் காலமான புரிசை கண்ணப்பத் தம்பிரானின் குமாரர். வெள்ளைக்காரப் பெண்களும் ஆண்களும் கிரீடமும் புஜக்கட்டையும் தரித்துத் தமிழில் பாடி ஆடினார்கள். 2025-இல் இந்திய அரசாங்கம் சம்பந்தன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. சந்தோஷம். ஆனால் விருது வந்த செய்தியைப் பத்திரிகையில் படித்தவர்களில் எத்தனை பேர் ஓர் இரவு முழுவதும் கூத்துப் பார்த்தவர்கள்?

முழு இரவு என்பதே இப்பொழுது அபூர்வமாகி வருகிறது என்றார் கிரிவலத்துப் பெரியவர். 2000-ஆம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. நல்ல விதிதான், கல்யாண மண்டபத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவர் எவரும் அதை ஆட்சேபிக்க மாட்டார். ஆனால் கூத்து தொடங்குவதே அந்தப் பத்து மணிக்குத்தான்! அதனால் சில ஊர்களில் மாலையிலேயே ஆரம்பித்து மூன்று மணி நேரத்தில் முடித்துவிடச் சொல்கிறார்கள். மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதுவே சௌகரியம்.

"அப்போது எதைக் குறைப்பார்கள்?" என்று கேட்டோம்.

"கட்டியக்காரன் பேச்சத்தான் ஐயா. வேற எத வெட்ட முடியும்? கதைய வெட்டினா துரியோதனன் சாவ மாட்டான். அவன் சாவாம விடிஞ்சா ஊருக்கு ஆவாதே."

நியாயமான பதில். துரியோதனன் சாகத்தான் வேண்டும். ஆனால் அவன் சாவதற்கு முன்னால் ஒருவன் அவனைப் பார்த்துப் பட்டா எங்கே என்று கேட்டது போய்விடுகிறதே! இங்கிலாந்தில் வெட்டிப் பேச்சுக்கு என்று வாரம் ஒரு மணி நேரத்தை உண்டாக்கிக் காசும் கொடுக்கிறார்கள். நாம் நம்முடைய பேச்சைக் கத்திரித்துவிட்டு, அவர்களுடைய பேச்சைக் காதில் சொருகிக்கொண்டு மலையைச் சுற்றுகிறோம். இப்படி நாம் சொன்னபோது வாலிபர் சற்றுக் கோபித்துக்கொண்டார். "நம்ம பேச்சு எங்கே சார் கிடைக்கிறது? கிடைத்தால் கேட்க மாட்டேனா?" என்றார். அவர் கேட்டதும் நியாயமே. பட்டிமன்றப் பேச்சாளர்கள் டெலிபோனில் கிடைக்கிறார்கள். கட்டியக்காரனின் பேச்சு கிடைத்தாலும், பின்னால் ஆயிரம் பேர் சிரிக்கும் சத்தத்தில் பாதி அமுங்கிப்போய்க் கிடைக்கிறது.

பெரியவர் வாலிபரைப் பார்த்து, "சித்திரையில எங்க ஊர்ல பாரதம் தம்பி. கடைசி நாளு வா" என்றார்.

"ரெக்கார்ட் பண்ணலாமா தாத்தா?"

"பண்ணிக்கோ. ஆனா அவன் உன்ன சும்மா வுட மாட்டான். அதையும் சேத்துப் பண்ணிக்கோ."

சித்திரையில் நாமும் போயிருந்தோம் என்பதை நேயர்கள் ஊகித்திருப்பார்கள். ஊரார் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, வெற்றிலை பாக்கில் பணம் வைத்து ஜமாவை அழைத்திருந்தார்கள். பதினெட்டாம் போர். ஒலிபெருக்கிக்குப் பத்து மணி வரையில்தான் அநுமதி. சரியாகப் பத்து மணிக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து போய் அதை நிறுத்தினார். கூத்து நின்றுவிடும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியை விட்டுவிட்டு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு பெண்களும் நெருங்கி வந்தார்கள். ஆடுகிற இடம் முன்னிருந்ததில் பாதி ஆகிவிட்டது. கூத்தாடிகள் தொண்டையாலேயே நடத்தினார்கள். அப்படிக் கேட்டது நமக்கு அதிகமாகவே பிடித்திருந்தது.

பெங்களூர் வாலிபர் முதல் வரிசையில் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது கேட்டுக்கொண்டு வந்த கருவி ஒன்று காதிலேயே இருந்ததை அவர் மறந்துவிட்டார் போலும். கட்டியக்காரன் மறக்கவில்லை. நடுநிசியில், பிரதான திரைக்குப் பின்னால் துரியோதனன் சலங்கை அதிர நின்றுகொண்டிருந்த சமயத்தில், அவன் வாலிபரின் எதிரே வந்து குனிந்து உட்கார்ந்து அவர் காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

"மகாராஜா! நம்ம சீமையிலே ஒருத்தன் காதுக்குள்ளே அவரை போட்டிருக்கான்."

"அப்படியா? முளைத்ததா?" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"முளைச்சா கொடி படரப் பந்தல் போடணும், மகாராஜா. பந்தலுக்கும் நீங்க வரி போடுவீங்களேன்னு யோசிக்கிறான்."

"போடுவோம்! எம் ஆட்சியில் எதற்கும் வரி உண்டு!"

"எவ்வளவு, மகாராஜா?"

உள்ளே ஒரு க்ஷணம் மௌனம். நல்ல ராஜா என்று நாம் சொன்னோமே, அப்படிப்பட்டவர் இவர். "நடப்பது எத்தனையாவது போர்?" என்று கேட்டார்.

கட்டியக்காரன் விரல் விட்டு எண்ணினான். பதினேழு, பதினெட்டு என்று வந்ததும், தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "ஐயோ, நூத்துக்குப் பதினெட்டா!"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மிருதங்கக்காரரே ஒரு தாளம் தவறவிட்டார். பக்கத்து ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் நூறு ரூபாய் கொடுத்தார். அதில் பதினெட்டு ரூபாயைத் தனியாக எடுத்துக் கட்டியக்காரன் திரைக்குள்ளே நீட்டினான்; உள்ளேயிருந்து ஒரு சிவந்த கை வந்து அதை வாங்கிக்கொண்டது. வாலிபர் சிரித்த சிரிப்பில் டெலிபோன் கீழே விழுந்துவிட்டது. அதை எடுக்க அவர் குனியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, முன்பின் தெரியாதவள், அவர் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரை விலகியது. கிழக்கு வெளுக்க இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.